கேமரின் ரசனை ஏன் மாறுகிறது? ஓர் எளிய அறிமுகம்

வீடியோ கேம் ஆடுகிறவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் வந்து சேரும் குழப்பம் ஒன்று உண்டு. கல்லூரி நாட்களில் விடிய விடிய ஆடிய கேமை முப்பது வயதுக்கு மேல் திறந்தால் அரைமணி நேரத்தில் அலுத்துவிடுகிறது. அன்று ‘இதெல்லாம் ஒரு கேமா’ என்று ஒதுக்கிவைத்த, தோட்டம் போடுகிற கேமோ சீட்டு அடுக்குகிற கேமோ இன்று மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. பெங்களூருவில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்களிடம் கேம் பற்றிப் பேச்செடுத்தால், “வயசாயிடுச்சு போல, முன்ன மாதிரி மனசு ஒட்ட மாட்டேங்குது” என்ற வார்த்தை எப்படியும் வந்துவிடும். வயதும் ஒரு காரணம்தான். ஆனால் மற்ற காரணங்களோடு ஒப்பிட்டால் அதன் பங்கு சிறியது என்பதே என் கருத்து. அந்த மற்ற காரணங்களைத்தான் இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில் அடிப்படை. ஒவ்வொரு கேமும் தன்னை ஆடுகிறவரிடம் சிலவற்றைக் கேட்கிறது: இடையூறு இல்லாத நேரம், புதிதாகக் கற்றுக்கொள்ளும் தெம்பு, வேகமான கை, உடன் ஆட ஆட்கள், கொஞ்சம் பணம், கதை எழுப்பும் உணர்ச்சிகளைத் தாங்கும் மனநிலை. இவற்றில் எது நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பது வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் மாறுகிறது. கேம் கேட்பதும் நம் கையில் இருப்பதும் பொருந்தினால் ‘பிடித்திருக்கிறது’ என்கிறோம். பொருந்தாவிட்டால் ‘பிடிக்கவில்லை’ என்கிறோம். ஆகவே ரசனை என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி, பிறவிக் குணமாக அமைந்தது என்பதைவிட அந்தந்தக் காலத்துப் பொருத்தமாக அமைந்தது என்று கொள்வதே சரியாகப் படுகிறது.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. கேமர்களை வகைப்படுத்தும் பேச்சு பெரும்பாலும் ஆளின் குணத்திலிருந்தே தொடங்குகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரை இதில் புகழ்பெற்றது. பலர் சேர்ந்து ஆடிய எழுத்துவழிக் கேம்களைக் கவனித்து, சாதிக்க விரும்புகிறவர்கள், உலகைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள், பழக விரும்புகிறவர்கள், பிறரை வீழ்த்த விரும்புகிறவர்கள் என்று நான்கு வகையினரை அவர் பிரித்தார். இன்றும் பயன்படும் பிரிவினை அது. ஆயினும் ஒரே ஆள் இருபது வயதில் பிறரை வீழ்த்துவதிலும் முப்பத்தைந்தில் மலையேறி வேடிக்கை பார்ப்பதிலும் இன்பம் காண்பது ஏன் என்பதை அறிய, ஆளை மட்டும் பார்த்தால் போதாது. அவர் நாளையும் பார்க்க வேண்டும்.

நாளில் முதலில் கவனிக்க வேண்டியது நேரம். நேரம் குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அளவைவிட அதன் வடிவம்தான் முக்கியம். நூறு ரூபாய் நோட்டும் பத்துப் பத்து ரூபாயாகப் பத்துத் தாளும் கடையில் ஒன்றேதான். இரண்டு மணி நேரமும் பன்னிரண்டு பத்து நிமிடங்களும் கேமரிடம் ஒன்றாகவே ஆவதில்லை. மாரத்தஹள்ளியில் பிஜி விடுதியில் தங்கி, திருமணம் ஆகாமல் இருக்கும் இளைஞருக்கு இரவு பத்துக்கு மேல் மூன்று மணி நேரம் ஒரே துண்டாகக் கிடைக்கிறது. அவரே திருமணமாகிக் குழந்தையோடு ஹெச்எஸ்ஆர் லேஅவுட்டில் குடியேறிய பிறகும், கூட்டிப் பார்த்தால், வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் கிடைக்கலாம். ஆனால் அது பேருந்தில் இருபது நிமிடம், குக்கர் விசில் வருவதற்குள் கால்மணி, குழந்தை தூங்கி மறுபடி விழிப்பதற்குள் நாற்பது நிமிடம் என்று சிதறிக் கிடக்கிறது. நாற்பது நிமிடம் எப்போது இருபதாகச் சுருங்கும் என்பதும் தெரியாது.

இந்தச் சிதறலை எந்தக் கேம் தாங்கும், எது தாங்காது என்பது அதன் கட்டமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு அணிகள் இணையத்தில் மோதும் டோட்டா 2 கேமில் ஓர் ஆட்டம் சாதாரணமாக முப்பது நிமிடத்துக்கு மேல் போகும். ஐவர் அணியில் ஒருவர் பாதியில் எழுந்து போனால் மற்ற நால்வரின் ஆட்டமும் கெடும். அதனால்தான் அடிக்கடி விலகுகிறவர்களை அந்தக் கேம் தனி வரிசையில் தள்ளித் தண்டிக்கிறது. வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேமில் முதலில் 13 சுற்றுகளை வெல்லும் அணிக்கே வெற்றி என்பதால், ஆட்டம் எப்போது முடியும் என்று தொடங்கும்போது யாராலும் சொல்ல முடியாது. குழந்தை அழுகிறது என்பதற்காக இவற்றை வேண்டிய நேரம் வரை நிறுத்தி வைக்க வழியில்லை. தனியாளாக ஆடும் கேம்களிலும் இந்த வேறுபாடு உண்டு. 2022இல் வந்த எல்டன் ரிங், கடினமான போர்களுக்குப் பெயர்பெற்றது. அதில் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைப்பதற்கென்று ஒரு பொத்தான் கிடையாது. வெளியேறினால் இருந்த இடம் சேமிக்கப்படும் என்றாலும், சண்டை நடுவே கதவு தட்டப்பட்டால் அந்தச் சண்டை போனதுதான்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்பவர் தனியாளாக உருவாக்கி 2016இல் வெளியிட்ட, பண்ணை வைத்துப் பிழைக்கும் கேம் அது. அதில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 14 நிமிடம். செடிக்குத் தண்ணீர் ஊற்றி, மீன் பிடித்து, ஊராரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் படுத்தால் அந்த நாள் சேமிக்கப்பட்டுவிடும். தனியாக ஆடும்போது கேமின் மெனுவைத் திறந்தாலே காலம் நின்றுவிடும். இதன் அமைதியும் இசையும் அழகானவை என்பது உண்மைதான். ஆனால் இளம் பெற்றோர் பலர் இதில் வந்து நிற்பதற்கு, பதினான்கு நிமிடத்தில் ஒரு முழுமை கிடைக்கிறது என்பது அழகுக்கு இணையான காரணம் என்று நான் நினைக்கிறேன். 2020இல் முழு வடிவில் வெளியான ஹேடீஸ் கேமிலும், பாதாளத்திலிருந்து தப்பிக்கும் ஒரு முழு முயற்சி அரைமணி நேரத்தை ஒட்டியே அமைகிறது. தோற்றாலும் கதை ஓரடி நகர்கிறது. நிண்டெண்டோ ஸ்விட்ச், ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கேம் இருந்த நிலையிலேயே உறங்கி, பிறகு அங்கிருந்தே விழிக்கிறது. பார்க்கச் சின்ன வசதி. ஆனால் நேரம் துண்டுபட்டவருக்கு, நீண்ட கேம்களின் கதவையே திரும்பத் திறந்துவிடுவது அதுதான்.

பெங்களூருவின் போக்குவரத்தும் ரசனையில் கை வைக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஹெப்பாளுக்கும் சில்க் போர்டுக்கும் இடையே ஓடும் 500டி பேருந்தில் மாலை நேரத்தில் நின்றுகொண்டு வருகிறவரைப் பாருங்கள். ஒரு கை மேல்கம்பியில். மற்றொரு கையில் செங்குத்தாகப் பிடித்த கைப்பேசி. கட்டைவிரல் ஒன்றுதான் விளையாடுவதற்கு. மாரத்தஹள்ளி வருகிறதா என்று இடையிடையே ஜன்னலை எட்டிப் பார்க்க வேண்டும். இரு கைகளால் கிடையாகப் பிடித்து ஆட வேண்டிய துப்பாக்கிச் சண்டை இந்த நிலையில் நடக்காது. எதிராளி நகரும் வரை காத்திருக்கும் சதுரங்கமோ, முறைவைத்து ஆடும் சீட்டுக் கேமோ, சொல் புதிரோ நடக்கும். ஆறு மாதம் அப்படி ஆடியவர் ‘எனக்கு இப்போது புதிர்கள்தான் பிடிக்கும்’ என்று சொல்லத் தொடங்குவார். அவர் பொய் சொல்லவில்லை. பழகப் பழகப் பிடித்துப்போவதும் பிடித்தமே. ஆனால் அதன் வேர் பேருந்தின் மேல்கம்பியில் இருக்கிறது.

நேரத்துக்கு அடுத்தது மனத்தில் மிஞ்சியிருக்கும் தெம்பு. ரிச்சர்ட் ரயான், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். மனிதர்க்கு மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு என்ற கொள்கையை அவர்கள் வீடியோ கேமுக்குப் பொருத்திப் பார்த்தார்கள்: தன் விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமை, ஒன்றைத் திறம்படச் செய்கிறோம் என்ற நிறைவு, பிறரோடு ஒட்டியிருக்கும் உறவு. கேம் இவற்றை எவ்வளவு தருகிறதோ அவ்வளவு அது நம்மை இழுக்கிறது. இதிலிருந்து ஒரு படி மேலே சென்று யோசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது: பகல் வாழ்க்கையில் மூன்றில் எது கிடைக்காமல் போகிறதோ, அதை இரவு ஆடும் கேமில் தேடுகிறோம்.

ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வாடிக்கையாளர் புகார்களைத் தீர்க்கும் வேலையில் இருக்கிறார். ஒன்றை முடித்தால் இன்னொன்று வரும், எதை முதலில் எடுப்பது என்பதுகூட அவர் கையில் இல்லை. இரவு அவர் தேடுவது, யாரும் எதையும் அவசரமாகக் கேட்காத ஒரு பண்ணை. மற்றவர் நாளெல்லாம் நிரல் எழுதுகிறவர்; அவர் வீட்டுக்குப் போய் ஃபேக்டரியோ என்ற கேமைத் திறந்து, கன்வேயர் பட்டைகளை வளைத்துத் தொழிற்சாலை கட்டுகிறார். பார்க்கிறவர்களுக்கு அது அலுவலக வேலையின் தொடர்ச்சியாகவே தெரியும். அவருக்கு அப்படி இல்லை: அங்கே கூட்டம் இல்லை, ஒப்புதல் இல்லை, கட்டியதை மாதக் கடைசியில் கைவிடச் சொல்ல மேலாளர் இல்லை. களைப்பு ஒன்றுதான், மருந்து வேறு. ‘வேலைக்குப் போகிறவர்களுக்கு எளிதான கேம்தான் பிடிக்கும்’ என்ற பொதுப்பேச்சு அதனால்தான் அடிக்கடி தவறிப்போகிறது.

ஆயினும் கற்றுக்கொள்ளும் தெம்பு தனிக் கணக்கு. ஐம்பது பக்க விதிகளைக் கொண்ட வியூகக் கேமை விடுமுறையில் தொடங்கலாம். அலுவலகத்தில் ஆண்டிறுதி மென்பொருள் வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் தொடங்க முடியாது. இரண்டு வாரம் கழித்துத் திறக்கும்போது எந்தப் பொத்தான் எதற்கு என்பதே மறந்திருக்கும். புதிய கேம்களை வாங்கிவைத்துவிட்டுப் பழைய கேமையே திரும்ப ஆடுகிறவர்கள் இதற்காக வருந்த வேண்டியதில்லை. கை ஏற்கெனவே அறிந்த கேம், கற்கும் செலவைக் கேட்பதில்லை.

உடன் ஆடுகிறவர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தனி வருத்தம் வருகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேம், நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் ஒரு தலைமுறையின் நட்பையே கட்டியது. கணினிகளை ஒரே வலையில் இணைத்து, அறைக்கு அறை கத்திக்கொண்டு ஆடியதை நினைவுகூராத பொறியியல் பட்டதாரி அரிது. அடுத்த தலைமுறைக்கு அந்த இடத்தைப் பப்ஜி மொபைல் பிடித்தது. 2018இல் வந்த அந்தக் கேமில் நால்வர் ஓர் அணியாகச் சேர்ந்து, கோயம்புத்தூரில் ஒருவர், கோரமங்களாவில் ஒருவர் என்று ஊர் பிரிந்த நண்பர்கள் இரவுதோறும் கூடினார்கள். 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதைத் தடைசெய்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கான வடிவம் வந்தபோது பல அணிகள் மறுபடி கூடவில்லை. வரைபடம் அதே, துப்பாக்கி அதே. இடைப்பட்ட பத்து மாதத்தில் ஒருவருக்குத் திருமணம் ஆகியிருந்தது, ஒருவர் இரவுப்பணிக்கு மாறியிருந்தார், ஒருவர் வெளிநாடு போயிருந்தார். ‘பழைய சுவாரசியம் இல்லை’ என்று அவர்கள் கேமைக் குறைசொல்வதைக் கேட்டிருக்கிறேன். சுவாரசியத்தில் பாதி, காதில் கேட்ட அந்த மூன்று குரல்களில் இருந்தது.

ஆள் மாறினால் கேமும் மாறும் என்பதன் மறுபக்கம் இனிமையானது. 2020 ஊரடங்கில், மும்பை நிறுவனம் ஒன்று உருவாக்கிய லூடோ கிங், அதுவரை கைப்பேசியில் கேமே தொடாத அம்மாக்களையும் அத்தைகளையும் ஆட வைத்தது. கணவனும் மனைவியுமாக ஆட விரும்புகிறவர்களுக்கு 2021இல் வந்த இட் டேக்ஸ் டூ இருக்கிறது. இருவர் இல்லாமல் அதைத் தொடங்கவே முடியாது. துணைவருக்கு கன்ட்ரோலர் பிடித்துப் பழக்கம் இல்லாவிட்டால் முதல் ஒரு மணி நேரம் பொறுமையாக இருக்க வேண்டியிருக்கும். கேமராவைத் திருப்பும் வலதுகைக் குச்சிதான் புதியவர்களைத் திணறவைக்கும். வீட்டில் குழந்தைக்கு ஏழெட்டு வயது ஆகிவிட்டால், கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் தானாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. தனியாக ஆடும்போது அலுத்த அதே கட்டைகள், மகள் ‘அப்பா, இங்க ஒரு மாட்டுக் கொட்டகை கட்டலாம்’ என்று கேட்கும்போது அலுப்பதில்லை.

இனி, வயது. இதில் உறுதியாகச் சொல்லத்தக்க சில உண்மைகள் உள்ளன. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரின், ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற வியூகக் கேமின் ஆட்டப் பதிவுகளை அலசியது. ஒரு புதிய காட்சியைக் கண்டு அதற்கு எதிர்வினை செய்யும் வேகம் 24 வயதிலிருந்தே மெல்லக் குறையத் தொடங்குவதாக அது கண்டது. அதே ஆய்வு, மூத்தவர்கள் விசைப்பலகைக் குறுக்குவழிகளையும் எளிய உத்திகளையும் கையாண்டு அந்த இழப்பை ஈடுகட்டும் அறிகுறிகளையும் குறிப்பிட்டது. நிக் யீ என்ற ஆய்வாளரின் குவான்டிக் ஃபவுண்ட்ரி நிறுவனம் லட்சத்துக்கும் மேற்பட்ட கேமர்களிடம் திரட்டிய பதில்களில், வயது ஏற ஏற மிக அதிகமாகக் குறையும் ஊக்கம் போட்டி மனப்பான்மைதான் என்று தெரிந்தது. யோசித்துத் திட்டமிட்டு வியூகம் வகுக்கும் விருப்பம் வயதால் அவ்வளவாக அசைவதில்லை. ஆனால் இத்தகைய கணக்கெடுப்புகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இன்று நாற்பது வயதானவர், வேறு கேம்களோடு வளர்ந்த வேறு தலைமுறை. அவருக்கும் இருபது வயதானவருக்கும் உள்ள வேறுபாடு முழுவதையும் வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது.

உடல் கேட்கும் சிறு சலுகைகளைக் கேம்களும் இன்று தருகின்றன. ஹேடீஸ் கேமில் ‘காட் மோட்’ என்ற தெரிவை இயக்கினால், முதலில் 20 விழுக்காடு பாதுகாப்பு கிடைக்கும். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அது 2 விழுக்காடு கூடி, 80 வரை செல்லும். பெரிய எழுத்துத் துணைவரிகளும் நிறக்குருடு உள்ளவர்களுக்கான அமைப்புகளும் பல கேம்களில் உண்டு. நாளெல்லாம் விசைப்பலகையில் தட்டிய மணிக்கட்டு வலிக்கிறவர்கள் மவுஸை விட்டு கன்ட்ரோலருக்கு மாறுவதும், அதனால் துப்பாக்கிக் கேமிலிருந்து சாகசக் கேமுக்கு நகர்வதும் நான் சுற்றிலும் பார்ப்பதே.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாணவரிடம் நேரம் இருக்கும், பணம் இருக்காது. அதனால் இலவசக் கேம்களும், ஒன்றை வாங்கினால் நூறு மணி நேரம் ஓடும் கேம்களும் பிடிக்கும். பெங்களூருவின் கணினிக் கடைத்தெருவான எஸ்பி ரோட்டில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் சம்பளம் வந்தபிறகு கணக்கு தலைகீழாகிறது. ‘ஐம்பது மணி நேரக் கதை’ என்ற விளம்பரம் அன்று ஆசை காட்டியது, இன்று மலைப்பூட்டுகிறது.

எல்லாவற்றிலும் ஆழமானது, ஒரே கதை வேறு வேறு வாழ்க்கைக் கட்டங்களில் வேறு வேறு கதையாக மாறுவது. 2013இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ், தொடக்கத்திலேயே ஒரு தந்தை மகளை இழப்பதைக் காட்டுகிறது. இருபது வயதில் அதை ஆடியவர் சோகமான முன்கதை என்று கடந்திருப்பார். மகள் பிறந்த பிறகு அதே காட்சியில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டவர்கள் உண்டு. கேம் செய்கிறவர்களுக்கும் இதே மாற்றம் நேர்கிறது. 2005இல் தொடங்கிய காட் ஆஃப் வார் வரிசை, பழிவாங்கும் வெறி கொண்ட கிரேட்டாஸ் என்ற போர்வீரனின் கதை. 2018இல் அதே கிரேட்டாஸ், மகனோடு பேசத் தெரியாமல் தடுமாறும் தந்தையாக வந்தான். அதை இயக்கிய கோரி பார்லாக், தான் தந்தையான அனுபவம் கதையைப் பாதித்ததை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

தமிழர்களாகிய நமக்கு இதை உணர 2023இல் வந்த ‘வெண்பா’வைவிட நல்ல உதாரணம் இல்லை. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகியோரின் கதை அது. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் உருவாக்கியது. 2024இல் சிறந்த அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஓர் இரவில் முடிந்துவிடும் கேம். ஊரில் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு இதை ஆடுகிற மாணவருக்கு இது ஓர் அழகான சமையல் புதிர். பெங்களூருவுக்கு வந்து, ஞாயிறு காலை அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு ‘உளுந்து எவ்வளவும்மா’ என்று கேட்கிறவருக்கு, அந்தக் குறிப்பேடு வேறு பொருள் கொள்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், நண்பர்களிடம் இந்தி என்று வளரும் மகன், கேட்ட தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அல்சூர்ப் பெற்றோருக்கு, கவின் முகம் திருப்பிக்கொள்ளும் இடங்களைக் கடப்பதே கடினம். எழுதிய வசனம் மூவருக்கும் ஒன்றே.

இந்த மாற்றம் ஒரே திசையில் போவதும் இல்லை. குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் விட்ட கேமுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு; காலில் கட்டுப் போட்டு ஒரு மாதம் வீட்டில் இருந்தபோது முதல்முறையாக ஒரு பெரும் கதைக் கேமை முடித்தவர்கள் உண்டு. வேலை மாறினாலும், வீட்டிலிருந்து வேலை என்று ஆனாலும், அலுவலகத்துக்கு மெட்ரோ வந்தாலும், கையில் இருப்பவற்றின் அளவு மாறும். ரசனையும் கூடவே நகரும்.

ஆகவே புதிதாகக் கேம் வாங்குகிறவர், விமர்சகர்களின் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், தன் இப்போதைய நாளுக்கு அது பொருந்துமா என்று பார்ப்பது பயன் தரும்: நினைத்த இடத்தில் நிறுத்தலாமா, ஒருமுறை உட்கார்ந்தால் குறைந்தது எவ்வளவு நேரம் கேட்கும், இரண்டு வாரம் விட்டுத் திறந்தால் விட்ட இடம் புரியுமா, ஒலியை அணைத்துவிட்டு ஆட முடியுமா. கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் வழி இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் செலவழிக்காதீர்கள். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவில், அலுவலகம் முடிந்து, பாத்திரம் கழுவி, மீதியிருக்கும் தெம்போடு அரைமணி ஆடிப் பாருங்கள். அந்த அரைமணியில் கிடைக்கும் விடைதான் மற்ற நாட்களுக்கும் பொருந்தும்.